முடியாதவர் மேல் கடமையா?

(மயிலாப்பூரில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்த பேராசிரியர் அம்மா அவர்களே, மழையிலும் பெரம்பூர், தாம்பரம் என்று தொலைவிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்கு என் நன்றி.

மன நோயும் அறக் கோட்பாடுகளும்: இதுதான் தலைப்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் தத்துவவாதிகள், ஜெர்மனியின் காண்ட், ஸ்காட்லாந்தின் ஹியூம் இருவரையும் பார்ப்போம். அதற்கு முன் என் பாட்டியின் பழமொழி: தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

காண்ட் 1785-இல் வந்த நூலில் ஒருவரைக் காட்டுகிறார். சொந்தத் துக்கம் மூடி, பிறர் கஷ்டம் நெஞ்சில் உறைக்காமல் போனவர். அப்படி மரத்துப்போன நிலையிலிருந்து தன்னைப் பிய்த்துக்கொண்டு, கடமை என்ற ஒன்றுக்காகவே உதவுகிறார். அந்தச் செயலுக்குத்தான் உண்மையான அற மதிப்பு என்கிறார் காண்ட். கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் பிய்த்துக்கொள்ளும் தெம்பையே நோய் தின்றுவிட்டால்?

வியாசர்பாடியில் என் அத்தை. குழம்பு கொதித்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போய்விடும். அப்படிப்பட்டவர், மகன் காய்ச்சலில் முனகும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரை அட்டை மடியிலேயே இருந்தது. தெரு சொன்னது: "கல் நெஞ்சுக்காரி." மாமாவும் அதையே சொன்னார். நானும் சொன்னேன் ஐயா, இந்த வாயால் சொன்னேன்! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? ஆறு மாதம் கழித்துத்தான் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். மாத்திரை தொடங்கிச் சில வாரம். ஒரு விடியற்காலை தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. எழுந்து பார்த்தால் அத்தை வரிசையில் நிற்கிறார். எங்கள் குடம் இரண்டு, முட்டி வலிக்கும் எதிர்வீட்டுப் பாட்டியின் குடம் ஒன்று. மருந்தா அந்த மூன்றாவது குடத்தைத் தூக்க வைத்தது? அந்த மனசு ஆறு மாதமும் உள்ளேதான் இருந்தது.

அறம் உணர்ச்சியில் பிறக்கிறது என்றார் ஹியூம். உணர்ச்சியே மரத்துப்போயிருந்த அத்தை அவர் கணக்கிலும் தோற்றுத்தான் போவார்.

ஒருவர் ஒன்றைச் செய்ய வேண்டும் என்றால், அவரால் அதைச் செய்ய முடிய வேண்டும் என்பதும் காண்டின் கொள்கைதான். அதை நம் சட்டம் புரிந்துகொண்டது. தற்கொலைக்கு முயன்றவர், வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. முடியாதவரை முடிந்தவராக்குவது யார் கடமை? நம் கடமை! எங்கள் வார்டு சுகாதார நிலையத்துக்கு வாரம் ஒரு நாளாவது மனநல மருத்துவர் வர வேண்டும், மாத்திரை அங்கேயே கிடைக்க வேண்டும். நீதியரசர் ஐயா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மனு வாசல் மேஜையில் இருக்கிறது. குடையை எடுக்கும்போது பேனாவையும் எடுங்கள்.