கொனாக்டின் ஒரே கோப்பை

நடுவர் அவர்களே, அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அயர்லாந்து ரக்பியின் பெருஞ்சாதனை லென்ஸ்டர் மாகாண அணி வென்ற நான்கு ஐரோப்பியக் கோப்பைகளா, கொனாக்ட் மாகாண அணி வென்ற ஒரே ஒரு லீக் கோப்பையா? இதுதான் இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் 2009, 2011, 2012, 2018 என்று ஆண்டுகளை அடுக்கினார். அத்தனையும் உண்மை, ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் கோப்பையை எண்ணியவர், அந்தக் கோப்பையை நோக்கி எந்த இடத்திலிருந்து நடை தொடங்கியது என்று பார்க்கவில்லை. அதைப் பார்க்கத்தான் உங்களை அழைக்கிறேன்.

அயர்லாந்தில் நான்கு மாகாணங்கள், நான்கு தொழில்முறை அணிகள். தலைநகர் டப்ளின் லென்ஸ்டருக்குள் இருக்கிறது. 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லென்ஸ்டரில் 26 லட்சம் பேர். கொனாக்டில் ஐந்தரை லட்சம் பேர். கல்லும் சதுப்பும் நிறைந்த மேற்குக் கரை அது. 17ஆம் நூற்றாண்டில், குரோம்வெல் காலத்தில், நிலம் பறிக்கப்பட்டவர்களை அங்கேதான் விரட்டினார்கள். "நரகத்துக்குப் போ, இல்லையென்றால் கொனாக்டுக்குப் போ" என்ற சொல் அந்த நாட்டில் இன்றும் உலவுகிறது. நரகத்தோடு சேர்த்து எண்ணப்பட்ட மண் அது, நடுவர் அவர்களே!

அந்த மண்ணின் ரக்பி அணியும் சவலைப் பிள்ளையாகவே வளர்ந்தது. மற்ற மூன்று அணிகளை விடப் பணம் குறைவு. ஒரு பையன் நன்றாக ஆடத் தொடங்கினால், கிழக்கே லென்ஸ்டரிலிருந்தோ தெற்கே மன்ஸ்டரிலிருந்தோ அழைப்பு வந்துவிடும். 2003ஆம் ஆண்டு, பண நெருக்கடியைக் காரணம் காட்டி, கொனாக்ட் தொழில்முறை அணியையே கலைத்துவிடலாமா என்று அயர்லாந்து ரக்பி சங்கம் யோசித்தது. கோப்பையைப் பற்றிய பேச்சே அங்கில்லை. அணி இருக்குமா என்பதே கேள்வி. அந்த ஜனவரியில் ஏறத்தாழ 2000 பேர் டப்ளின் தெருக்களில் நடந்து, சங்கத்தின் வாசலுக்கே போய் நின்றார்கள். அணி பிழைத்தது. எதிரணியைக் கேட்கிறேன்: லென்ஸ்டர் உயிரோடு இருப்பதற்காக யாராவது ஒரு நாளாவது தெருவில் நடக்க வேண்டியிருந்ததா?

அவர்கள் ஆடிய மைதானத்தைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. கால்வே நகரத்து ஸ்போர்ட்ஸ்கிரவுண்ட். ஆடுகளத்தைச் சுற்றி கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயத்துக்கான ஓடுபாதை. ரசிகனுக்கும் ஆட்டக்காரனுக்கும் நடுவே நாய்கள் ஓடும் தடம்! அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் காற்று, கோலுக்கு உதைத்த பந்தைப் பாதி வழியில் திசை மாற்றிவிடும். மழை மேலிருந்து விழாது. பக்கவாட்டில் வந்து முகத்தில் அறையும்.

2013இல் அங்கே பயிற்சியாளராக வந்தார் பேட் லாம், சமோவா நாட்டு அணியின் முன்னாள் தலைவர். அந்தக் காற்றிலும் மழையிலும் யாராக இருந்தாலும் பந்தை உதைத்துத் தள்ளி, சேற்றில் முட்டி மோதத்தான் சொல்வார்கள். அவரோ பந்தைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். தன் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றாலும் கைமாற்றிக்கொண்டு ஓடு என்றார். முன்வரிசையில் முட்டுவதற்கென்றே இருக்கும் கனத்த ஆட்டக்காரர்களும் பந்து கடத்தப் பழகினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில், நான்கு முறை ஐரோப்பியச் சாம்பியனான பிரான்சின் துலூஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 16-14 என்று வீழ்த்தினார்கள். 2015 நவம்பரில் சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்க் வரை போய் ஆடி வென்றார்கள். அதே மாதம் லிமெரிக்கில் மன்ஸ்டரையும் வென்றார்கள். அந்த மண்ணில் 1986க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது.

இனி, கொனாக்ட் வென்ற அந்த லீக் கோப்பைக்கு வருகிறேன். அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி நாடுகளின் 12 அணிகள் மோதிய லீக் அது. அரையிறுதியில், நாய்கள் ஓடும் அதே மைதானத்தில், நடப்புச் சாம்பியனான ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ அணி 16-11 என்று வீழ்ந்தது. இறுதிப் போட்டி 2016 மே 28, எடின்பரோ. எதிரே நின்றது யார்? எதிரணியினர் தலையில் வைத்துக் கொண்டாடும் லென்ஸ்டர்தான்!

பந்தை எதிராளியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைப்பதுதான் டிரை. முதல் டிரை டியர்னன் ஓஹாலரன். இரண்டாவதை மட்டும் சற்று நின்று பாருங்கள். நைஜீரியாவில் பிறந்து டப்ளினில் வளர்ந்த நீயி அடியலோகுன், பந்தை எதிராளிகளுக்குப் பின்னால் மெல்லத் தட்டிவிட்டு, தானே துரத்திப் பிடித்துக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தார். லென்ஸ்டரின் வாசலிலேயே வளர்ந்த பையன், கொனாக்டின் பச்சைச் சட்டையில்! இடைவேளையில் 15-0. பிறகு மேட் ஹீலி மூன்றாவது டிரை. ஆட்டம் முடிந்தபோது 20-10. 1885இல் தொடங்கிய கொனாக்ட் ரக்பிக்கு, 131 ஆண்டுகளில் கிடைத்த முதல் பெரிய கோப்பை.

எதிரணியினர் இரண்டு கேள்விகள் வைத்தார்கள். லென்ஸ்டர் 2011இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றதால் கூடுதலாக ஓர் இடம் கிடைத்துத்தானே கொனாக்ட் முதன்முதலாக அந்தப் போட்டிக்குள் நுழைந்தது என்றார்கள். ஆம், ஒப்புக்கொள்கிறேன். கதவைத் திறந்தது லென்ஸ்டர்தான். உள்ளே போய்த் துலூஸைச் சாய்த்தது யார்? அந்த லீக் கோப்பையைத் திரும்ப வென்றார்களா என்றும் கேட்டார்கள். இல்லை. வென்ற அதே கோடையில் கொனாக்டின் ஆட்டக்காரர் ராபி ஹென்ஷா லென்ஸ்டருக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு பேட் லாமும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் அணிக்குப் போனார். வளர்த்த கன்றுகளை மாற்றானிடம் கொடுத்துக்கொண்டே உழுத ஏர், நடுவர் அவர்களே. அதில் விளைந்த ஒரு போகத்தை, ஆற்றுப் பாசனத்தில் விளைந்த நான்கு போகத்தோடு மரக்கால் வைத்தா அளப்பீர்கள்?

கடைசியாக ஒருவரைச் சொல்லி அமர்கிறேன். ஜான் மல்டூன், கால்வே மாவட்டத்துப் போர்ட்டம்னா ஊர்க்காரர். அணியைக் கலைக்கப் பார்த்த அதே 2003இல் அந்தச் சட்டையை அணிந்தார். எடின்பரோவில் கோப்பையைத் தூக்கிய தலைவரும் அவரே. 2018 ஏப்ரலில் கால்வேயில் அவருடைய கடைசி ஆட்டம். எதிரே மறுபடியும் லென்ஸ்டர். கொனாக்ட் 47-10 என்று வென்றது. 15 ஆண்டுகள் மோதலிலும் முட்டலிலும் கழித்தவர். கோலுக்கு உதைப்பது அவர் வேலையே அல்ல. ஆனாலும் கடைசி டிரைக்குப் பிறகு கூடுதல் புள்ளிகளுக்காக உதைக்கும் உதையை அவரிடமே கொடுத்தார்கள். பந்தை வைத்தார். உதைத்தார். அது கம்பங்களுக்கு நடுவே போனது.

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.