என்ஜிசி 88: நாலு கேலக்ஸி நெரிசல்ல ஒரு பட்டைச் சுருளைப் படம் பிடிக்கிறது எப்படி?

வணக்கம் மக்களே. டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் டெலஸ்கோப்புல கேமரா மாட்டிப் படம் எடுக்கிறவங்களுக்கான வீடியோ இது. இன்னைக்கு ஃபீனிக்ஸ் நட்சத்திர மண்டலத்துல இருக்கிற ராபர்ட்ஸ் குவார்டெட். என்ஜிசிங்கிற வான்பொருள் பட்டியல்ல 87, 88, 89, 92ங்கிற எண் உள்ள நாலு கேலக்ஸி, சுமார் 16 கோடி ஒளியாண்டு தூரத்துல ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. 1834ல ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் கேப் டவுன்ல இருந்து இதைக் கண்டுபிடிச்சார். அவர்கிட்ட இருந்தது உலோகக் கண்ணாடி வச்ச பதினெட்டே கால் அங்குல டெலஸ்கோப், கேமரா இல்லாம அதுல கண்ணை வச்சுத்தான் பார்த்தார். நினைச்சாலே மலைப்பா இருக்கு.

நாலுல பெருசு 92. பக்கத்துல இருக்கிறதோட இழுவையில அதோட ஒரு கை சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு இழுபட்டுக் கிடக்கு. எல்லாரும் அந்த வாலைத்தான் எடுப்பாங்க. நாம 88ஐப் பார்ப்போம். அது பட்டைச் சுருள். நடுவுல நட்சத்திரங்கள் கோல் மாதிரி நீளவாக்குல சேர்ந்திருக்கும், அதுதான் பட்டை; அதைச் சுத்தி ஒரு வளையம், அதுக்கும் வெளியே மங்கலா ஒரு போர்வை. பட்டையோட வேலை என்னன்னா, சுத்தி வர்ற வாயுவோட வேகத்தை உறிஞ்சி அதை மையத்துக்குள்ள இறக்கிவிடுறது.

சிக்கல் இதுதான்: பட்டைக்குக் கூர்மை வேணும், போர்வைக்கு மொத்த நேரம் வேணும். ஒரே ஸ்டாக்ல, அதாவது பல படங்களை ஒண்ணாச் சேர்த்த ஒரே படத்துல, ரெண்டையும் எதிர்பார்த்தா ரெண்டுமே போயிடும்.

இடம் பிடிக்கிறது சுலபம். புரட்டாசி அமாவாசைக்கு இது நடுராத்திரி வாக்குல உச்சிக்கு வரும், தீபாவளி சமயத்துல ஒன்பதுல இருந்து பத்தரைக்குள்ள. டர்பன்ல தெற்கே 70 டிகிரி உயரம். ஃபீனிக்ஸ்லயே பிரகாசமான அங்கா நட்சத்திரத்துல இருந்து நேரா ஆறே கால் டிகிரி கீழ இறங்கி, முக்கால் டிகிரி வலது பக்கம். பிளேட் சால்வ் பண்றவங்க, அதாவது எடுத்த படத்தை வச்சு சாஃப்ட்வேர் மூலமா இடத்தைக் கண்டுபிடிக்கிறவங்க, 0 மணி 21.4 நிமிஷம், மைனஸ் 48 டிகிரி 38னு அடிங்க. கடலோர வெளிச்சத்துல தென் துருவத்தைக் காட்டுற சிக்மா ஆக்டாண்டிஸ் நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாது, அதனால டெலஸ்கோப்போட அச்சைத் துருவத்துக்கு நேராக்குற போலார் அலைன்மென்ட்டையும் கேமரா வச்சே பண்ணுங்க. முடிஞ்சா டிராக்கன்ஸ்பெர்க் பக்கம் ஏறிடுங்க. சாயங்கால இடிமழை விட்டதும் காத்து ஈரமா இருக்கும், கண்ணாடியில பனி படியாமத் தடுக்கிற டியூ ஹீட்டரை முதல்லயே போட்டு வைங்க.

நாலும் சேர்ந்து வானத்துல மூணு ஆர்க் மினிட் (ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு) சொச்சம்தான், நிலாவோட அகலத்துல பத்துல ஒரு பங்கு. 88 மட்டும் ஒரு ஆர்க் மினிட்கூட வராது. 8 அங்குல எஃப் 5 நியூட்டோனியன் (கண்ணாடி வச்ச டெலஸ்கோப்), கேமராவுல 3.76 மைக்ரான் பிக்சல்னா ஒரு பிக்சலுக்கு 0.78 ஆர்க் செகண்ட் (ஆர்க் மினிட்ல அறுபதுல ஒரு பங்கு), 88 சுமார் 60 பிக்சல் நீளம். 400 மில்லிமீட்டர் லென்ஸ்ல அது 25 பிக்சலாச் சுருங்கிடும். அதுல பட்டையைத் தேடாதீங்க.

ஃபில்டர் விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க. இந்தக் கூட்டம் நம்மளை விட்டு வினாடிக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல விலகிப் போகுது. அதனால ஹைட்ரஜன் ஆல்ஃபாங்கிற, ஹைட்ரஜன் வாயுவோட செவப்பு ஒளி, 656.3 நானோமீட்டர்ல இருந்து 663 பக்கம் நகர்ந்திருக்கும். 656.3ஐச் சுத்தி 7 நானோமீட்டர் அகலத்தை மட்டும் விடுற ஃபில்டர் போட்டா அந்த ஒளி வெளியவே நின்னுடும். நட்சத்திர உருவாக்கம் செவப்பா வரும்னு ராத்திரி முழுக்கக் காத்திருந்தாலும் வராது. ஃபில்டரைக் கழட்டிட்டு இருட்டான இடத்துக்குப் போங்க.

120 செகண்ட் வீதம் 150 ஃப்ரேம் (தனித்தனிப் படம்), அஞ்சு மணி நேரம். அஞ்சு ஃப்ரேமுக்கு ஒருக்கா டித்தர், அதாவது டெலஸ்கோப்பைத் துளி நகர்த்துறது. கைடிங் பிழை, அதாவது நட்சத்திரத்தைப் பின்தொடர்றதுல வர்ற பிசகு, ஒரு ஆர்க் செகண்டுக்குள்ள நிக்கணும். ஃப்ளாட், அதாவது ஒரே சீரான வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கிற படம், எடுக்காம கிளம்பாதீங்க. போர்வையோட வெளிச்சமும் லென்ஸ் ஓரத்து மங்கலும் ஒரே அளவுல இருக்கும், ஃப்ளாட் இல்லேன்னா எது எதுன்னு பிரிக்கவே முடியாது.

இனி ரெண்டு ஸ்டாக். போர்வைக்கு 150 ஃப்ரேமும் போகட்டும். பட்டைக்கு, நட்சத்திரம் ரொம்பச் சின்னதா விழுந்த 40 ஃப்ரேம் மட்டும். பின்னணியை ஆட்டோமேட்டிக்கா நீக்குற டூல் அந்தப் போர்வையை வெளிச்ச மாசுன்னு நினைச்சுத் துடைச்சுடும். அதனால சாம்பிள் புள்ளிகளை நாலு கேலக்ஸியையும் விட்டுத் தள்ளி, 10 ஆர்க் மினிட்டுக்கு அப்பால கையாலயே வைங்க. அப்புறம் கூர்மையான ஸ்டாக்கை 88ஓட நடுப்பகுதியில மட்டும், மத்த இடத்தை மாஸ்க் போட்டு மறைச்சுச் சேருங்க. பக்கத்து நட்சத்திரத்தைச் சுத்திக் கறுப்பு வளையம் தெரிஞ்சா ஷார்ப்பனிங் (கூர்மையாக்குறது) அளவுக்கு மீறிடுச்சுன்னு அர்த்தம். அந்த நேரம் தெரியுற வளையம் கேலக்ஸியோடது இல்ல, சாஃப்ட்வேர் போட்டது. பாதியாக் குறைச்சுட்டு மறுபடி பாருங்க.