குழாய்க்குள் ஓடலாம், நிற்பதுதான் பெரும்பாடு

நேயர்களுக்கு வணக்கம். சென்னை ஐஐடி மாணவர்களின் ‘ஆவிஷ்கார்’ ஹைப்பர்லூப் (காற்றை வெளியேற்றிய குழாய்க்குள் வண்டி ஓட்டும் முறை) குழுவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் கேட்பது, “எவ்வளவு வேகம் போகும்?” என்றுதான். ஈலான் மஸ்க் 2013இல் வெளியிட்ட திட்டத்தில் மணிக்கு 1,220 கிலோமீட்டர் என்று போட்டிருந்தார். குழாயில் காற்றழுத்தத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால் எதிர்க்காற்று இருக்காது, வண்டி பறக்கும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் வண்டியைக் கட்டுகிற பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுப்பவை வேறு.

ஊட்டி மலையேறும் பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பை வடிவ லித்தியம் பேட்டரியும் காற்றில்லாத குழாயில் அப்படித்தான் உப்பும். ஆகவே அதை அழுத்தம் தாங்கும் பெட்டிக்குள் அடைக்க வேண்டும். அடைத்தால் சூடு எங்கே போகும்? வெளியே விசிறி வைத்துப் பயனில்லை, வீசுவதற்குக் காற்று வேண்டுமே.

பிரேக்குக்கும் இதே கதிதான். 2019இல் கலிபோர்னியாவின் ஹாதோர்னில் மஸ்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் நடத்திய ஹைப்பர்லூப் போட்டியில், ஆசியாவிலிருந்து இறுதிச் சுற்றுக்குப் போன ஒரே அணி ஆவிஷ்கார். வென்ற மியூனிக் மாணவர்களின் வண்டி தொட்டது மணிக்கு 463 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 128 மீட்டர். குழாயின் நீளமோ சுமார் 1.2 கிலோமீட்டர்தான். 400 மீட்டரில் நிறுத்தக்கூட, புவியீர்ப்பைப் போல் இரண்டு மடங்கு வேகத்தணிப்பு வேண்டும். பிரேக் கட்டை தேயும்போது எழும் சூட்டை வாங்கிக்கொள்ளவும் அங்கே காற்றில்லை. காந்த பிரேக் தேயாது, ஆனால் வேகம் குறையக் குறைய அதன் பிடியும் தளரும். ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்க, மின்சாரம் அதை விலக்கிப் பிடிப்பது ஒரு நல்ல ஏற்பாடு. மின்சாரம் போனால் வண்டி தானே நிற்கும். நம் பழைய ரயில்களின் வெற்றிட பிரேக்கும் இந்த வழிதான்: சங்கிலியை இழுத்தால் காற்று உள்ளே புகும், ரயில் நிற்கும். அங்கே நிறுத்தத் துணைநின்ற வெற்றிடம், இங்கே அதற்கே இடைஞ்சல்!

சென்னை ஐஐடியின் தையூர் வளாகத்தில் ரயில்வேயின் நிதியுதவியோடு 422 மீட்டர் சோதனைத் தடம் அமைத்திருக்கிறார்கள். இவ்வளவு நீளமுள்ள இரும்புக் குழாய், வெப்பம் 30 டிகிரி கூடினால் சுமார் 15 சென்டிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுத்தாக வேண்டும், காற்றும் கசியக் கூடாது. வேகத்தைவிட எனக்கு இந்த இணைப்புகளின்மேல்தான் கண்.

மனிதர்கள் போவது எப்போது? 2020 நவம்பரில் நெவாடா பாலைவனத்தில் இரண்டு பேர் 172 கிலோமீட்டர் வேகத்தில் போய்விட்டார்கள். அவர்களை ஏற்றிய நிறுவனம் 2023 முடிவில் கடையை மூடியது. முதலில் சரக்கை ஏற்றிப் பார்க்கட்டும் என்பது என் கட்சி. துணிமூட்டைக்கு மூச்சுக்காற்று வேண்டாம். நடுவழியில் வண்டி நின்றால் கதவைத் திறக்கச் சொல்லித் தட்டவும் தட்டாது.