பை காக்கும் பாட்டிக்கும் ஒரு டிக்கெட்

(பினாங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வாசகர் கூட்டத்தில் பேசியது. எழுத்தில் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, மழையையும் பாலத்து நெரிசலையும் தாண்டி அக்கரையிலிருந்து வந்திருக்கிற நண்பர்களே, வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "நடுத்தரக் குடும்பத்துக்குக் கேளிக்கைப் பூங்கா கட்டுப்படியாகுமா?" என்பது. முப்பது வருஷம் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவனிடம் இதைக் கேட்டால் "ஆகாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான் என்று நினைத்திருப்பீர்கள். தேநீரும் வடையும் ஏழு மணிக்குத்தான் வருமாம். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். அப்பா நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை, பெஸ்தா என்கிற பொருட்காட்சி நடக்கும்போது, எங்கள் நான்கு பேரையும் பஸ்ஸில் பட்டர்வொர்த் கூட்டிவந்து, பெரிப் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுவருவார். பாலம் வந்தது 1985இல்தானே, அப்போது பெரிதான் எல்லாம். உண்மையைச் சொன்னால், அந்தப் பெரிப் பயணமே எங்களுக்குப் பாதித் திருவிழா. பெஸ்தாவில் ஆளுக்கு இரண்டு ஆட்டம் என்று கணக்கு. எதில் ஏறுவது என்பதை ஒரு மாதத்துக்கு முன்பே முடிவு செய்து வைத்திருப்போம். தம்பிக்குக் குதிரை ராட்டினம், எனக்கு மோதும் கார். அம்மா ஒன்றிலும் ஏற மாட்டார். எங்கள் செருப்பையும் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, ராட்டினத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஏறியவனுக்குத்தான் காசு, வேடிக்கை பார்ப்பவருக்கு இல்லை.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

இது நம்ம ஊர் ஏழ்மைக்காக வந்த ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது அங்கேயும் இப்படித்தான். பெரியவர்களுக்கு வாசலில் ஒரு டாலர், உள்ளே ஏறும் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. சீக்கிரமே ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட சீட்டுப் புத்தகம் வந்தது, கடைசியில் ஈ வரைக்கும் போனது. ஈ சீட்டு என்றால் பெரிய ஆட்டம். 1961இல் டெக்சஸில் சிக்ஸ் பிளாக்ஸ் என்ற பூங்கா, வாசலில் ஒரே கட்டணம், உள்ளே எல்லாம் இலவசம் என்ற முறையைக் கொண்டுவந்தது. டிஸ்னிலேண்ட் 1982இல் சீட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஒரே ஆட்டத்தில் பத்துத் தடவை ஏறலாம். நஷ்டம் யாருக்கு? மடியில் செருப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு. அவரும் இப்போது டிக்கெட் வாங்க வேண்டும்.

மூத்தோருக்குச் சலுகை உண்டே என்பீர்கள். உண்டு, பல இடங்களில் கொடுக்கிறார்கள். ஆனால் எதற்கு அந்தச் சலுகை? பாட்டி ரோலர் கோஸ்டரில் தலைகீழாகத் தொங்குவதற்கா? (சிரிப்பு) பையைக் காவல் காப்பதற்கு முக்கால் கட்டணம், அவ்வளவுதான்.

விளம்பரப் படங்களைப் பாருங்கள். அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். நான்கு பேர். 'ஃபேமிலி பேக்கேஜ்' என்றாலும் பெரும்பாலும் அந்த நான்குதான். நம் வீடுகளில் நான்கு பேராக எங்கே போகிறோம்? பாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வந்து அந்த வீட்டில் எப்படிக் குடியிருப்பது? அத்தை மகன் வேறு "மாமா, நானும்" என்று முதல் நாளே பையோடு வந்து நிற்பான்.

2018இல் நாங்கள் போன கதையைச் சொல்கிறேன். அல்சா வண்டியில் ஏழு பேர். என் அம்மா, நான், மனைவி, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் இரண்டு பேர், ஏழு வயதும் நான்கு வயதும். தெற்கே ஒரு பெரிய பூங்கா. பெயர் வேண்டாம், அவர்கள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வாசலில் ஓர் உயரக்கோல் இருந்தது. சின்னவளை நிறுத்தி அளந்தார்கள். 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் டிக்கெட் வாங்க வேண்டும், அவள் தாண்டிவிட்டாள். உள்ளே போனால் அவள் ஆசைப்பட்டதற்கெல்லாம் 120 சென்டிமீட்டர் வேண்டுமாம். காசு கட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள், ஏறுகிற அளவுக்கு வளரவில்லை. நடுத்தர வர்க்கம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் இந்தக் கோலைத்தான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் பைச் சோதனை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அம்மா செய்த புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, எல்லாம் அடுக்குச் சட்டியில். காவலுக்கு நின்ற பையன் நல்ல பிள்ளை, "மாக்சிக், மின்தா மாஆஃப்" (அம்மா, மன்னிக்கணும்) என்று கைகூப்பாத குறையாகச் சொன்னான், வெளி உணவு உள்ளே போகக் கூடாது. அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நீங்க போங்க. சட்டியோட நான் காடிகிட்ட இருக்கேன். எனக்கு எதுக்கு நூறு வெள்ளி?"

அப்படியே நடந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கையில் முத்திரை குத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்து, வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டோம். பக்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம் வேனில் பாயே விரித்திருந்தார்கள், வாழையிலையில் நாசி லெமாக். அந்தப் பக்கம் ஒரு சீனத் தாத்தா தனியாக பிளாஸ்க்கில் தேநீர். கார் நிறுத்துமிடத்தில் ஒரு சின்ன மலேசியாவே உட்கார்ந்திருந்தது. எங்கள் சம்பல் அங்கே போனது, அங்கிருந்து ரெண்டாங் இங்கே வந்தது. பேரன், "பாட்டி, சும்மா உட்கார்ந்து என்ன பண்ணீங்க?" என்று கேட்டான். "வேலிக்கு மேல அந்த ரயிலு போறது தெரியுது. எண்ணிக்கிட்டு இருந்தேன். நாப்பத்து மூணு தடவை போச்சு. ஒரு தடவைகூட எவனும் சிரிச்சுக்கிட்டு வரல, எல்லாம் கத்திக்கிட்டுத்தான் வரானுங்க."

என் மனைவி கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். அம்மாவை விட்டு ஆறு பேருக்கு டிக்கெட் 720 வெள்ளி (ரிங்கிட்). பெட்ரோல், டோல் 300. இரண்டு அறை, இரண்டு இரவு 600. சாப்பாடு 400, புளிச்சோறு போக. லாக்கர், போட்டோ, சில்லறை 80. மொத்தம் 2,100. கவனியுங்கள், டிக்கெட் மூன்றில் ஒரு பங்குதான். மீதி இரண்டு பங்கு அங்கே போய்ச் சேரவும் படுக்கவும் சாப்பிடவும். அதனால் "டிக்கெட் விலையைக் குறைத்தால் சரியாகிவிடும்" என்பவர்களோடு நான் பாதிதான் ஒத்துப்போவேன். நம்ம பினாங்கு தெலுக் பஹாங்கிலேயே எஸ்கேப் பூங்கா இருக்கிறது. 2012இல் திறந்தது. காட்டுக்குள் வளைந்து வருகிற அதன் நீர்ச்சறுக்குக் குழாய் 1,111 மீட்டர், 2019இல் உலகிலேயே நீளமானது என்று கின்னஸில் ஏறியது. பாயான் லெப்பாஸ்காரருக்கு அது ஒரு நாள் செலவு. ஜொகூர்க்காரருக்கு அது மூன்று நாள் செலவு. ஜொகூரில் இருக்கிற லெகோலேண்ட் என்றால் அப்படியே திருப்பிப் போடுங்கள்.

இனி வருமானத்துக்கு வருவோம். புள்ளிவிவரத் துறையின் 2022 கணக்குப்படி எம்40 குடும்பம், அதாவது வருமானத்தில் நடுவில் இருக்கிற நாற்பது விழுக்காடு, என்றால் மாதம் 5,250 வெள்ளியிலிருந்து 11,819 வெள்ளி வரை. அந்த வருஷம் பினாங்கின் நடுநிலைக் குடும்ப வருமானம் 6,502. எங்கள் 2018 செலவை அதில் வைத்துப் பார்த்தால், ஒரு மாத வருமானத்தில் மூன்றில் ஒன்று, மூன்று நாளில். இன்றைக்குப் போனால் செலவு அந்த 2,100இல் நிற்காது. வீட்டுக் கடன், ஒன்பது வருஷக் கார் கடன், மகளின் பிடிபிடிஎன் கல்விக் கடன், டியூஷன் எல்லாம் போய்க் கையில் நிற்பதோடு ஒப்பிட்டால் வயிற்றைக் கலக்கும். கீழே இருப்பவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது, கொடுக்கத்தான் வேண்டும். மேலே இருப்பவர்களுக்குத் தேவையில்லை. நடுவில் இருப்பவனுக்கு உயரக்கோல்.

வெளிநாட்டுப் பூங்காவைப் பற்றிச் சுருக்கமாக. 1973 வரைக்கும் சிங்கப்பூர் வெள்ளியும் நம் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2010இல் திறந்தபோது ஒரு சிங்கப்பூர் வெள்ளி நமக்கு இரண்டரை வெள்ளிக்கும் குறைவாக இருந்தது. இப்போது மூன்றுக்கு மேல். அவர்கள் விலையை ஒரு காசுகூட ஏற்றாவிட்டாலும் நமக்கு ஏறியிருக்கும். 2024 அக்டோபரில் கலிபோர்னியா டிஸ்னிலேண்டின் மிகக் கூட்டமான நாள் டிக்கெட் 206 டாலர் ஆனது. நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் கிட்டத்தட்ட இரண்டு பேர் உள்ளே போகலாம். ஒரு டாலரில் தொடங்கிய வாசல் அது.

வரிசையும் மாறிவிட்டது. முன்பு வரிசையில் தௌக்கே முதலாளியும் கிராணியும் ஒன்றாகத்தான் நின்று வேர்த்தார்கள். வரிசையில் முந்திப் போவதற்கு டிஸ்னி 1999இல் கொண்டுவந்த 'ஃபாஸ்ட்பாஸ்' இலவசம், 2021இல் அது காசுக்கு மாறியது. செந்தோசாவிலும் 'எக்ஸ்பிரஸ்' உண்டு. ஊரில் கோயிலுக்குப் போனவர்களுக்குச் சிறப்புத் தரிசன வரிசை தெரியும், அதுதான் இது. பிள்ளை கேட்கிறான், "அவங்க மட்டும் ஏன் முன்னாடி போறாங்க?" அந்தக் கேள்விக்கு வெயிலில் நின்றுகொண்டு பதில் சொல்வது எனக்குச் செலவைவிடக் கஷ்டமாக இருந்தது.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? இதுதான் என் தொழில். என் மேசைக்கு வந்த பெர்சனல் லோன் பாரத்தில் காரணம் என்ற இடத்தில் "வீடு ரிப்பேர்" என்று எழுதியிருப்பார்கள். பள்ளி விடுமுறைக்கு ஒரு மாதம் முன்னால் மட்டும் இவ்வளவு வீடுகள் எப்படி ஒழுகும் என்று நான் கேட்டதில்லை. (சிரிப்பு) பத்தாயிரம் வெள்ளி, எட்டு விழுக்காடு ஃப்ளாட் ரேட் (கடைசிவரை முழுத் தொகைக்கும் வட்டி), ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் நாலாயிரம். மாதம் 233 வெள்ளி, அறுபது மாதம். ஒன்பது வயதில் போன பிள்ளை பதினாலு வயதில் "அப்பா, அங்க போனோமா? ஞாபகமே இல்ல" என்னும்போதும் நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இப்போது கைப்பேசியிலேயே மூன்று தவணை, ஆறு தவணை வந்துவிட்டது. பாரத்தில் பொய் எழுதுகிற கூச்சம்கூட இல்லை.

ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஒரு மூன்றாவது கணக்கைத் திறந்தார்களே, அதையும் பார்ப்போம். ஐயாயிரம் சம்பளக்காரருக்கு முதலாளி பங்கோடு மாதம் 1,200 போகிறது. அதில் பத்து விழுக்காடு, 120 வெள்ளி, அந்தக் கணக்குக்கு. வருஷத்துக்கு 1,440. ஒரு சின்ன விடுமுறை. நாற்பது வயதில் அதை எடுக்காமல் விட்டால், ஆறு விழுக்காடு லாப ஈவு என்று வைத்தாலும் அறுபதில் 4,600 வெள்ளிக்கு மேல் நிற்கும். எடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அறுபதில் 4,600 வெள்ளி இருக்கும், நாலு வயதுப் பேத்தி இருக்க மாட்டாள். கெந்திங் மலையின் பழைய வெளிப்புறப் பூங்காவை 2013இல் மூடினார்கள், அதற்குப் பதிலாக வந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் திறந்தது 2022இல். மூடும்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை திறக்கும்போது நான்காம் படிவம். அப்புறம் போகலாம் என்று சொன்ன எத்தனை அப்பாக்களுக்கு அந்த அப்புறம் வரவே இல்லை!

ஆகையால் கட்டுப்படியாகுமா என்றால், கடன் இல்லாமல், மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை, ஆகும். வருஷா வருஷம் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒசாகா போனதற்காகப் போவது யாருக்குமே ஆகாது. எங்கள் வீட்டில் அந்த 2,100 வெள்ளியில் இரண்டாயிரம் எப்படி வந்தது தெரியுமா? கூட்டு, அதாவது சீட்டு. பத்துப் பெண்கள், மாதம் இருநூறு. என் மனைவிக்குப் பள்ளி விடுமுறை மாதம் விழுந்தது. கூட்டைத் தொழிலாக நடத்தக் கூடாது என்று 1971இலேயே சட்டம் இருக்கிறது, சட்டத்தின் பெயரிலேயே நம்ம 'கூட்டு' உட்கார்ந்திருக்கிறது. கடன் பிரிவு அதிகாரி வீட்டில் கூட்டா என்று நண்பர்கள் கிண்டல் பண்ணுவார்கள். வட்டி இல்லாத பணத்தை நான் வங்கியில் பார்த்ததில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

பூங்கா நடத்துகிறவர்கள் இந்த மண்டபத்தில் யாராவது இருந்தால் ஒரே ஒரு விண்ணப்பம். அவர்கள் கஷ்டமும் தெரியும். இயந்திரம் இறக்குமதி, மின்சாரம், காப்புறுதி. ஈப்போவில் 2017இல் திறந்த அனிமேஷன் பூங்கா 2020 தொடக்கத்திலேயே மூடியதைப் பார்த்தோம். ஆனாலும் ஏறாதவர்களுக்கு என்று ஒரு டிக்கெட் போடுங்கள். பத்து வெள்ளி போதும். ஒரு மரநிழல், ஒரு பெஞ்ச், ராட்டினம் தெரிகிற மாதிரி.

அம்மா போன வருஷம் தவறிவிட்டார். அலமாரியைச் சுத்தம் செய்தபோது அந்தப் பூங்காவின் வரைபடம் கிடைத்தது. பேரன் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான் போலிருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் எங்கள் வண்டி நின்ற இடத்தில், பேனாவால் ஒரு சின்ன வட்டம் போட்டு, "பாட்டி" என்று எழுதியிருந்தது.