பம்பருக்குள் 22 கிலோ எடையை ஒளித்துவைத்த கார்: போர்ஷே 911 ஏன் இன்னும் வெல்கிறது?

ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் எடையைக் குறைப்பதற்காகப் பொறியாளர்கள் இருக்கையின் பஞ்சைக் குறைப்பார்கள், கண்ணாடியை மெல்லியதாக்குவார்கள், கதவின் உள்கைப்பிடியைக்கூடக் கழற்றிவிட்டுத் துணிப்பட்டையை மாட்டுவார்கள். அப்படிப்பட்ட உலகில், 1960களில் ஒரு நிறுவனம் தன் புதிய காரின் முன் பம்பருக்குள், ஓரத்துக்கு 11 கிலோ வீதம், இரண்டு எடைக்கட்டிகளை வேண்டுமென்றே பொருத்தி அனுப்பியது. அந்தக் கார்தான் போர்ஷே 911. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது புரிந்துவிட்டால், இந்தக் கார் பந்தயங்களில் வெல்வதற்கும், இதை ஓட்டியவர்கள் இதன்மேல் பித்தாகிப் போவதற்கும் காரணம் ஒன்றே என்பதும் புரிந்துவிடும்.

வணக்கம், நேயர்களே. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதைக் கொண்டாடிய நம் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை இளைஞர்கள் இந்தக் காணொளியை அவசியம் கடைசிவரை பாருங்கள். அன்று அந்த இடத்தைப் பெற்றுத் தந்ததும் ஒரு 911தான்.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்]

வரலாற்றை விரைவாகக் கடந்துவிடுவோம். 1948இல் ஆஸ்திரியாவின் க்மூண்ட் என்ற சிற்றூரில், ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பாகங்களைக் கொண்டு தொடங்கியது போர்ஷே 356. அதன் வாரிசு 1963இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சிக்கு 901 என்ற பெயரோடு வந்தது. நடுவில் பூச்சியம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் தங்களுக்கே உரியவை என்று பியூஜோ நிறுவனம் மறுப்புத் தெரிவித்ததால், 1964இல் 911 ஆனது. இரண்டு லிட்டர் கொள்ளளவு, காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர்கள், 130 குதிரைத்திறன். பீட்டிலிடமிருந்து வந்த ஒரு குணத்தை மட்டும் அது விடவில்லை. எஞ்சின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்கியது.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நெல்மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு வரைபடமே தேவையில்லை. வண்டிக்கு இரண்டே சக்கரம், நடுவில் ஓர் அச்சு. மூட்டைகளை அச்சுக்கு முன்னால் அதிகமாக அடுக்கினால் முன்பாரம்; நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமாக அடுக்கினால் பின்பாரம். நுகத்தடி மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும், ஆற்றுக்கரை மேட்டில் ஏறும்போது வண்டி பின்னால் சாயப் பார்க்கும். அதனால்தான் அனுபவமுள்ள வண்டிக்காரர் பாரம் ஏற்றி முடித்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு மூட்டையை முன்னால் நகர்த்தச் சொல்வார். கூண்டுவண்டியில் ஆட்கள் ஏறினாலும், “கொஞ்சம் முன்னால தள்ளி உட்காருங்கம்மா, பின்பாரமா இருக்கு” என்பார். சக்கரத்தின் மேல் எடை எங்கே அமர்கிறது என்ற கேள்விக்கு அவர் கையாலேயே விடை கண்டார். 911ஐ வடிவமைத்தவர்கள் அதே கேள்வியோடுதான் அறுபது ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறார்கள்.

911 பின்பாரமான கார். அதன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பின்சக்கரங்களின் மேல் விழுகிறது. முன்டயர்கள் இலேசாக இருப்பதால், வேகமாக வந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினால் காரின் மூக்கு உடனே திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். அதைக் கண்டு பயந்து, வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்துவிட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து வரும். பாரம் முன்னோக்கிச் சாயும், பின்டயர்கள் பிடிமானத்தை இழக்கும், அச்சுக்குப் பின்னால் இருக்கும் எஞ்சினின் கனம் வாலை வளைவின் வெளிப்பக்கமாக இழுத்துச் செல்லும். கார் சுழன்று, வந்த திசையையே பார்த்து நிற்கும். பம்பருக்குள் ஒளித்த அந்த 22 கிலோ, வண்டிக்காரர் முன்னால் நகர்த்தச் சொன்ன மூட்டைதான்!

எடைக்கட்டி தற்காலிக வைத்தியம் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். ஆகவே 1969ஆம் ஆண்டு மாடலில் எஞ்சினை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பின்சக்கரங்களை மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். ஒரு பெரிய பேட்டரிக்குப் பதிலாக இரண்டு சிறிய பேட்டரிகளை முன்பக்கத்தின் இரு மூலைகளில் வைத்தார்கள். வெறும் சுமையாக இருந்த எடையைப் பயன்படும் பொருளின் எடையாக மாற்றிய அந்த யோசனை, என்னைப் பொறுத்தவரை, பொறியியலில் ஒரு கவிதை.

இவ்வளவு தொல்லை என்றால் எஞ்சினை நடுவுக்கு மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். பின்பாரத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. உந்துவிசை போகும் சக்கரங்களின் மேலேயே எஞ்சினின் கனம் விழுவதால், வழுக்கும் சாலையிலும் பின்டயர்கள் தரையை இறுகப் பிடிக்கும். பிரேக் போடும்போது எல்லாக் காரிலும் பாரம் முன்னால் சாயும். 911இலோ அப்போதும் பின்சக்கரங்களின் மேல் போதிய எடை மிஞ்சுவதால், நான்கு டயர்களும் சேர்ந்து காரை நிறுத்துகின்றன. ஆல்ப்ஸ் மலையின் பனிப்பாதைகளில் நடக்கும் மான்டி கார்லோ ராலியை 1968இல் விக் எல்ஃபோர்டும், 1969இலும் 1970இலும் பியோர்ன் வால்டெகோர்டும் 911இல் வென்றார்கள் என்றால் அதில் இந்தப் பிடிமானத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அடுத்து வந்த 911 கரேரா ஆர்.எஸ். 2.7, பந்தய விதிகளுக்காக 500 கார்கள் மட்டுமே செய்யத் திட்டமிடப்பட்டு, கேட்டு வந்தவர்கள் பெருகியதால் 1,580 கார்களாக வளர்ந்தது. அதன் பின்மூடியில் வாத்தின் வாலைப்போல் மேல்நோக்கி நிற்கும் தகடு, அதிவேகத்தில் காற்று பின்பக்கத்தைத் தூக்காமல் தடுக்கிறது. அதன் பந்தய வடிவம் 1973இல் சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை வென்றது. 1979இல் 911இலிருந்து பிறந்த 935, பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தையே வென்றது.

[திரையில்: கல்லணையிலிருந்து பூம்புகார் நோக்கிச் செல்லும் சாலை]

இப்போது ஓட்டும் இன்பத்துக்கு வருவோம். நம் டெல்டாவில் மலை இல்லை. இங்கே சாலையை வளைப்பது ஆறுதான். காவிரியை ஒட்டிச் செல்லும் இந்தச் சாலையில் ஒவ்வொரு திருப்பமும் ஆறு வளைந்த இடத்தையோ, வாய்க்கால் மதகையோ ஒட்டி வருகிறது. 911 ஓட்டுபவர் கற்கும் ஒழுங்கை இப்படிப்பட்ட சாலையில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், சாதாரணக் காரிலேயே உணரலாம். வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள். பாரம் முன்டயர்களின் மேல் இறங்குவது ஸ்டீயரிங்கில் தெரியும். அந்தப் பாரம் இருக்கும்போதே திருப்புங்கள். மூக்கு திரும்பியதும் ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்துங்கள். வளைவு முடியும்வரை காலைத் திடீரென்று எடுக்காதீர்கள். இந்த வரிசை சரியாக அமையும்போது கார் முழுவதும் ஒரே மூச்சில் வளைந்து வெளியேறும். அதைத்தான் நான் ஓட்டும் இன்பம் என்பேன். நேர்ச்சாலையில் வேகமானியைத் துரத்துவது எனக்கு அதற்கு ஈடாகாது. 911 இதை மற்றக் கார்களைவிட உரக்கச் சொல்லும், தவறினால் உரக்கக் கண்டிக்கும்.

ஒரு வேண்டுகோள். சம்பா அறுவடைக் காலத்தில் நம் சாலைகளில் நெல் காயும், ஆடுமாடு குறுக்கே வரும், பள்ளிப் பிள்ளைகள் மிதிவண்டியில் வருவார்கள். வேகத்தைப் பழகுவதற்கு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமும், கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கின்றன. தயவுசெய்து அங்கே போய்ப் பழகுங்கள்.

இந்தக் கதையில் ஒரு திருப்பமும் உண்டு. 2017இல் போர்ஷேயே தன் உச்சநிலைப் பந்தயக் காரான 911 ஆர்.எஸ்.ஆரில் எஞ்சினைப் பின்அச்சுக்கு முன்னால் கொண்டுவந்தது. அந்தக் கார் 2018இல் லெ மான்ஸில் தன் பிரிவை வென்றது. பின்எஞ்சினின் காலம் முடிந்தது என்று பலரும் எண்ணினார்கள். ஆனால் 2024இல் லெ மான்ஸில் ஜி.டி.3 கார்களுக்கான (சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயக் கார்களுக்கான) புதிய பிரிவு வந்தபோது, எஞ்சினைப் பழைய இடத்திலேயே வைத்திருக்கும் 911 ஜி.டி.3 ஆர் களமிறங்கி, 2024இலும் 2025இலும் தொடர்ந்து வென்றது. எஞ்சினை மாற்றியது சரியா, பின்னாலேயே விட்டிருக்க வேண்டுமா? நான் பின்எஞ்சின் கட்சி. உங்கள் கட்சி எது என்பதைக் காரணத்தோடு கருத்துப் பெட்டியில் எழுதுங்கள்.