கிவு ஏரிக்கு அடியில் இருக்கும் மீத்தேன் ஏன் மேலே வருவதில்லை?

[காட்சி: ஆப்பிரிக்க வரைபடம். ருவாண்டா - காங்கோ எல்லையில் நீளமான ஓர் ஏரி]

ருவாண்டாவுக்கும் காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கும் நடுவில் இருக்கிறது கிவு ஏரி. ஆழம் ஏறக்குறைய 480 மீட்டர். இந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் மீத்தேனை மட்டும் பிரித்து வெளியே எடுத்தால், சுமார் 60 கன கிலோமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். கூடவே அதைப்போல ஐந்து மடங்கு கரியமில வாயுவும் கரைந்து கிடக்கிறது. ஏரியைச் சுற்றி வாழ்பவர்கள் 20 லட்சத்துக்குக் குறைய மாட்டார்கள்.

வெப்பத்தைப் பிடித்துவைப்பதில், 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு மோசம். அப்படியானால் கிவு ஏரி பூமிக்குப் பெரிய வில்லன் என்றுதானே நினைப்போம்? இல்லை. ஏரியின் மேற்பரப்பிலிருந்து காற்றுக்குப் போகும் மீத்தேன் ரொம்பவே குறைவு. இடுப்பளவு தண்ணீரும் முழங்கால் சேறுமாகக் கிடக்கும் ஒரு குளம், சதுர மீட்டர் கணக்கில் பார்த்தால், இதைவிட அதிகமாக விடக்கூடும்.

தண்ணீரில் எவ்வளவு மீத்தேன் இருக்கிறது என்பதைவிட, அது எந்த வழியாக வெளியே வருகிறது என்பதுதான் முக்கியம்.

[காட்சி: ஏரியின் குறுக்குவெட்டு. மேலே வெளிர்நீலம், கீழே போகப்போகக் கருநீலம்]

முதலில் இது எப்படி அடியிலேயே நிற்கிறது என்று பார்ப்போம். மீத்தேன் தண்ணீரில் லேசில் கரையாத வாயு. சாதாரணக் காற்றழுத்தத்தில், அறை வெப்பத்தில், லிட்டருக்கு 20 மில்லிகிராம் சொச்சம்தான் கரையும். ஆனால் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 350 மீட்டரில் கிட்டத்தட்ட 35 மடங்கு அழுத்தம். மூடி திறக்காத சோடா பாட்டிலில் குமிழி தெரியாது இல்லையா, அதே கதைதான். இங்கே மூடி, மேலே நிற்கும் தண்ணீரின் கனம்.

அந்த ஆழத்துத் தண்ணீர் மேலே வந்துவிட்டால்? வருவதில்லை. எரிமலைப் பகுதி என்பதால், ஏரியின் அடியில் உப்பும் கரியமில வாயுவும் கலந்த ஊற்றுகள் சுரக்கின்றன. அந்த நீர் கனமானது; கீழேயே படுத்துக்கொள்ளும். வறண்ட மாதங்களில் காற்று வீசும்போது கலங்குவது மேலே இருக்கும் 60 மீட்டர் அளவுக்குத்தான். அதற்குக் கீழே ஆக்சிஜனே கிடையாது, அதனால் மீனும் கிடையாது. இரவில் விளக்கேற்றி, மூன்று படகுகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு கிவு மீனவர்கள் பிடிக்கும் சம்பாசா என்ற சின்ன மீன் முழுவதும் அந்த மேலடுக்கில் வாழ்வதுதான்.

2002 ஜனவரியில் நியிராகோங்கோ எரிமலை வெடித்து, எரிமலைக் குழம்பு கோமா நகரத்தின் ஊடே ஓடி ஏரிக்குள் விழுந்தது. எல்லோரும் பயந்துதான் போனார்கள். ஆனால் ஆழத்து அடுக்குகள் கலையவில்லை.

இந்தப் பயத்துக்குக் காரணம் கேமரூனின் நியோஸ் ஏரி. 1986 ஆகஸ்ட் 21 இரவு அங்கே வாயு வெடித்துக் கிளம்பியதில் 1,700-க்கும் மேற்பட்டவர்கள் மூச்சடைத்து இறந்தார்கள். அங்கே கொன்றது மீத்தேன் அல்ல, கரியமில வாயு. இணையத்தில் இரண்டையும் போட்டுக் குழப்பியிருப்பார்கள், கவனம்.

[காட்சி: 60 மீட்டர் ஆழத்தில் ஒரு கோடு. கோட்டை நோக்கி மெல்ல ஏறும் புள்ளிகள்]

சரி, அடுக்கு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மீத்தேன் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்துகொண்டுதான் இருக்கும். அது ஆக்சிஜன் இருக்கும் எல்லையைத் தொட்டதும், அங்கே பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. மீத்தேன்தான் அவற்றின் சாப்பாடு. ஆக்சிஜனோடு சேர்த்து அதைக் கரியமில வாயுவாக மாற்றிவிடுகின்றன. கசிவு மெதுவாக நடப்பதால், தின்று தீர்க்க அவற்றுக்கு வேண்டிய நேரம் கிடைக்கிறது. கருங்கடலிலும் இதே கதை: ஆழத்தில் ஏராளமான மீத்தேன், மேலே வருவது சொற்பம்.

[காட்சி: நீரில் மிதக்கும் மேடை, கீழே இறங்கும் நீண்ட குழாய்]

கிவு ஏரியின் மீத்தேனை ருவாண்டா மின்சாரமாக்குகிறது. கிவுவாட் என்ற நிலையத்தின் திறன் 26 மெகாவாட். சுமார் 350 மீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறக்குகிறார்கள். தொடக்கத்தில் மட்டும் பம்ப் வைத்து நீரை மேலே இழுத்தால் போதும். மேலே வரவர அழுத்தம் குறையும், குமிழி கிளம்பும், குமிழி கலந்த நீர் லேசாகும், அப்புறம் அது தானாகவே பொங்கி ஏறும். வந்த வாயுவைத் தண்ணீரால் கழுவி, கரியமில வாயுவின் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, மீத்தேனைக் கரைக்கு அனுப்புகிறார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம் அந்தப் பொங்கல் அல்ல. வாயு நீக்கிய நீரை எந்த ஆழத்தில் திரும்ப விடுவது என்ற கேள்விதான். கனமான, சத்து மிகுந்த அந்த நீரை மேலேயே கொட்டினால் பாசி பெருகும், அடுக்கும் கெடும். அதனால் அதை மறுபடியும் ஆழத்துக்கே அனுப்பவேண்டியிருக்கிறது.

[காட்சி: ஆழமற்ற குளம். சேற்றிலிருந்து கிளம்பும் குமிழிகள்]

இப்போது ஆழமற்ற நீருக்கு வருவோம். 1776-ல் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் அலெசாண்ட்ரோ வோல்டா, சேற்றைக் கோலால் கிளறி, கிளம்பிய குமிழிகளைப் பிடித்து வைத்துத் தீ வைத்தார். எரிந்தது. மின்கலம் கண்டுபிடித்த அதே வோல்டாதான். மீத்தேனை முதலில் தனியாகப் பிரித்தவர் அவர்.

அவர் பிடித்த குமிழி எங்கேயும் நிற்காது. ஒரு குமிழி விநாடிக்கு 20, 30 சென்டிமீட்டர் வேகத்தில் ஏறும். தண்ணீர் 5 மீட்டர் ஆழம் என்றால் அரை நிமிடத்துக்குள் காற்றில் இருக்கும். பாக்டீரியாவுக்குக் கண்ணிலேயே படாது. அதே குமிழி பல நூறு மீட்டர் ஆழத்தில் கிளம்பினால், வழியிலேயே கரைந்து காணாமல் போகும். சதுப்பு நிலமும் சின்னக் குளங்களும் அளவுக்கு மீறி மீத்தேன் விடுவதற்குப் பெரிய காரணம் இந்தக் குறுக்குவழி.

[காட்சி: மழைக்காட்டு நடுவே அணை. மூழ்கி நிற்கும் பட்ட மரங்கள்]

இன்னொரு குறுக்குவழியை மனிதர்களே கட்டினார்கள். தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் சின்னமாரி ஆற்றில் பெத்தி சோ என்ற அணை. 1994-ல் நீர் நிரப்பியபோது 300 சதுர கிலோமீட்டருக்கும் மேல் மழைக்காடு மூழ்கியது. மரமும் இலையும் மண்ணும் ஆக்சிஜன் இல்லாத அடிநீரில் அழுகி, மீத்தேன் பெருகியது. அந்த அடிநீர் டர்பைன் வழியாக நேரே ஆற்றுக்குள் வந்தது. இடையில் பாக்டீரியா காத்திருக்கும் அந்த 60 மீட்டர் எல்லை போல எதுவும் கிடையாது.

ஆற்றுக்கு வந்தபின்பு அதே பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும். இப்போது அதுவே தலைவலி. ஒரு கிராம் மீத்தேனைத் தின்ன 4 கிராம் ஆக்சிஜன் தேவை. வெப்பநாட்டு ஆற்றில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரைந்திருக்கும். வெறும் 2 மில்லிகிராம் மீத்தேன் போதும், கணக்குப்படி அவ்வளவும் காலி. மீன் எதை வைத்து மூச்சுவிடும்?

அதனால் அணைக்குக் கீழே ஒரு சிறு தடுப்பணை கட்டினார்கள். நீர் அதன் மேல் விழுந்து நுரைக்கும்போது ஆக்சிஜன் உள்ளே கலக்கும், மீத்தேன் வெளியேறும். ஆற்றில் ஆக்சிஜன் கூடியது. வெளியேறிய மீத்தேன் போன இடம் காற்று. மீனுக்கு நல்லது, காலநிலைக்குக் கெட்டது. இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டுமானால், ஆக்சிஜன் இருக்கும் மேலடுக்கிலிருந்து டர்பைனுக்கு நீர் எடுக்கும்படி அணையை வடிவமைக்கலாம். நிரப்புவதற்கு முன்பு காட்டை வெட்டி அகற்றலாம். மரத்தை அகற்றினாலும் மண்ணில் இருக்கும் கார்பன் அங்கேயேதான் இருக்கும் என்பதால், முதல் வழிதான் கொஞ்சம் நம்பத்தக்கது.