பிரேக் பெடல் மெத்தென்று இறங்குகிறதா? மலை ஏறுவதற்கு முன் இதைப் பாருங்கள்

(காட்சி: ஏற்காடு அடிவாரம். ஓரமாக நிற்கும் கார். கேமரா பெடலுக்கு நேராக.)

இந்தப் பெடலை நான் மிதிக்கிறேன், பாருங்கள். பாதி தூரம் வரை காலுக்கு எதிர்ப்பே இல்லை. அப்புறம் பிடிக்கிறது, ஆனால் கெட்டியாக நிற்கவில்லை. காற்று குறைந்த பந்தை மிதித்தது போல இன்னும் அமுங்குகிறது. சேலத்துக்குள், ஐந்து ரோடு நெரிசலில், இதை வைத்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டிவிடலாம். குறை தெரியாது. இங்கிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போதும் தெரியாது. இறங்கும்போதுதான் தெரியும்.

எனக்கு அப்படித்தான் தெரிந்தது. வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டிலிருந்து இறங்கினேன். ஏழெட்டு வளைவு தாண்டியதும் பெடல் தரைவரை போய்விட்டது. கியரைக் குறைத்து, பெடலை விட்டு விட்டு மிதித்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரம் கட்டினேன். அரை மணி நேரம் ஆறவிட்டதும் பெடல் பழையபடி மேலே வந்துவிட்டது. இந்தக் கோளாறில் பெரிய ஆபத்தே இதுதான். ஆறினதும் சரியாகிவிடுவதால், ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவோம். அதற்கு முந்தின வாரம் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் பிரேக் ஆயிலை நிரப்பி அனுப்பினார்களே தவிர, பழையதை மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

(காட்சி: ஊசி இல்லாத சிரிஞ்சு, நெருக்கத்தில்.)

இதில் பிரேக் ஆயில் மட்டும் இருக்கிறது. முனையை விரலால் அடைத்து அழுத்துகிறேன், அசையவில்லை. இப்போது ஒரு குமிழி காற்றை உள்ளே விடுகிறேன். பாருங்கள், அமுங்குகிறது. உங்கள் கால் உணர்வது இந்தக் குமிழியைத்தான். பிரேக்கைப் பிடிக்கவேண்டிய பெடலின் தூரம் காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது.

குமிழி எப்படி வருகிறது? குழாயைக் கழற்றி மாட்டும்போது காற்று புகலாம். இன்னொரு வழி சத்தமில்லாதது: பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) என்ற ஆயில் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155. டாட் 3 வகைக்கு 205, அப்புறம் 140. பிரேக்கில் காலை வைத்தபடியே மலை இறங்கினால் அந்தச் சூடு காலிப்பருக்குள், அதாவது சக்கரத்தின் தட்டைப் பேட்களால் இறுக்கிப் பிடிக்கும் பாகத்துக்குள், வந்துவிடும். உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகிறது. ஆவியும் காற்றைப் போலவே அமுங்கும். அன்று எனக்கு நடந்தது இது. பெடல் கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் அது வேறு கதை; பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது.

சரி, உங்கள் வண்டியில் என்ன கோளாறு? இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை மிதியுங்கள். அப்புறம் ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருங்கள். மிதிக்க மிதிக்கப் பெடல் உயர்ந்து கெட்டியானால், உள்ளே காற்று இருக்கலாம், அல்லது பின்சக்கர டிரம் பிரேக்கில் உரசிப் பிடிக்கும் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். ஹேண்ட் பிரேக்கும் வழக்கத்தைவிட அதிகமாக மேலே வந்தால் முதலில் டிரம்மைப் பாருங்கள். பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே நழுவினால் எங்கோ கசிவு. நான்கு சக்கரத்தின் உட்பக்கமும் குழாய்களும் காய்ந்திருந்தால், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் போயிருக்கும். அதை மாற்றவேண்டியதுதான், அந்த வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், அவரை வரச் சொல்லுங்கள்.

பெடலை மிதித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது அது சற்றே கீழே போகும். மிதியை எளிதாக்கும் பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம் அது. அதைக் கோளாறு என்று பயப்படவேண்டாம்.

(காட்சி: பின் இடது சக்கரம் கழற்றப்பட்ட கார். ஜாக்கியோடு ஸ்டாண்டும் இருக்கிறது.)

இப்போது பிரேக் குழாய்களிலிருந்து ஏர் எடுப்போம், அதாவது உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுவோம். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். பெரும்பாலான நம் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம் இருப்பதால், தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். சில வண்டிகளுக்கு வரிசை வேறு. உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்வதுதான் கணக்கு.

சக்கரத்தின் உட்பக்கம் ஆயிலை வெளியே விடத் திறக்கும் நிப்பிளில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் உள்ளே தெரிகிற குழாயைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்குங்கள். காருக்குள் தம்பி உட்கார்ந்திருக்கிறான்.

“மிதிச்சுப் பிடி.”

“பிடிச்சுட்டேன்ணா.”

நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறேன். குழாயைப் பாருங்கள்: டீ நிறத்தில் பழைய ஆயில், நடுவே பொடிப் பொடியாகக் குமிழிகள். மூடுகிறேன். “விடு.” நான் மூடிய பிறகுதான் அவன் காலை எடுக்கவேண்டும். முன்னாலேயே எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும், செய்ததெல்லாம் வீண். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருக்கிறேன். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரைவரை மிதித்தால், சீல் இதுவரை போகாத துருப்பிடித்த இடத்தில் உரசிக் கிழியும்.

குமிழி நின்று, தெளிந்த ஆயில் வரும்வரை இப்படியே. நான்கைந்து மிதிக்கு ஒருமுறை மேலே பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அது காலியானால் மறுபடி முதலிலிருந்து. இன்ஜின் ஆயிலோ கையில் கிடைத்த வேறு ஆயிலோ ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். நாம் ஆயில் என்று சொன்னாலும் இது அந்த வகை எண்ணெய் இல்லை. எண்ணெய் பட்டால் எல்லா ரப்பர் சீலும் ஊதிவிடும். டப்பா மூடியில் எழுதியிருக்கும் வகையையே, சீல் உடைக்காத பாட்டிலாக வாங்குங்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உரித்துவிடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்திருந்தால் இந்த முறை போதாமல் போகலாம். ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப் வேண்டும்.

முடித்ததும் நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்து, பெடலும் கெட்டியாக நின்றால், ஆளில்லாத சமதளத்தில் மெதுவாக நாலு தடவை பிடித்துப் பாருங்கள். அப்புறம் மலை ஏறலாம். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள்.